நமுத்த பீடி, பூசணம் பிடித்த புகையிலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே கவலை பல வடிவங்களில் இருந்தது. ஈரம் கோத்துப் பூசணம் பூத்த பீடி, சுருட்டு, புகையிலையால் உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். நுரையீரல் மருத்துவரும் நுண்ணுயிரியல் வல்லுநரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

படகில் மூணு நாள் தங்கித் தொழில் பார்க்கிறோம். எப்படிச் சுற்றி வைத்தாலும் பீடிக் கட்டு நமுத்துப் போகிறது. கரைக்கு வந்ததும் அடுப்பு மேல் வைத்துக் காயவைத்துப் பிடிப்பேன். சில நேரம் இலையில் சாம்பல் நிறத்தில் பூசணம் இருக்கும்; துடைத்துவிட்டுப் பற்றவைப்பேன். எப்படியும் நெருப்பில் எரிந்துதானே போகிறது? (மீனவர், தேவனாம்பட்டினம்)

எரிந்து போவது தணலில் அகப்பட்ட பூசணம் மட்டும்தான். சிகரெட்டை இழுக்கும் நேரத்தில் தணலின் சூடு 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. ஆனால் தணலிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வந்தால் சூடு மளமளவென்று இறங்கிவிடுகிறது. வாய்ப்பக்கம் வரும் புகை உதட்டைச் சுடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். தணலுக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கிற தூள், இலை எல்லாம் இன்னும் எரியாதவை. நீங்கள் இழுக்கும் காற்று அவற்றின் ஊடாகத்தான் வருகிறது. அங்கே ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளை, தணல் வந்து சேருமுன்பே அந்தக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். பீடியில் பஞ்சு வடிகட்டிகூடக் கிடையாது.

அந்த வித்தின் அளவைக் கவனியுங்கள். புகையிலையில் அடிக்கடி வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்க இது தோதான அளவு. உடல் சூடான 37 டிகிரியில் அது நன்றாகவே வளரும். 50 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும்.

சாதாரணக் காற்றிலும் இந்த வித்து உண்டு, எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் மயிரிழைகள் அதைச் சளியோடு மேலே தள்ளிவிடும். தப்பி உள்ளே போனதைக் காற்றறையில் காவல் இருக்கும் செல்கள் விழுங்கிவிடும். புகை பிடிப்பவருக்கு இந்த இரண்டு காவலும் பழுதாகிக் கிடக்கின்றன. வித்தைக் கொண்டுபோகும் புகையே அதைத் தடுக்கும் காவலையும் முடக்குகிறது. எங்களுக்குப் பெரிய கவலை இதுதான்.

அடுப்பு மேல் காயவைப்பதால் பூசணம் சாகாது. வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான். வித்துகள் காய்ந்து, லேசாகி, தட்டினாலே பறக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் உலர்சூட்டில் கிருமி நீக்க 160 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பீடித்தூள் கருகித்தான் போகும். வெயிலில் போட்டால் மேல்பக்க வித்துகளில் கொஞ்சம் சாகும்; மடிப்புக்குள் இருப்பது அப்படியே இருக்கும். துடைத்தால் கண்ணுக்குத் தெரிந்த நூல்கள் மட்டும் போகும்.

இன்னொன்றும் உண்டு. ஈரத்தில் பாக்டீரியாவும் பெருகும். அவை செத்த பிறகும் அவற்றின் செல்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு புகையிலையிலேயே தங்கும். அதை அழிக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும். புதுச்சேரியில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தை அறிந்தவர்கள், வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும் என்று தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். பஞ்சுத்தூசியில் இருந்த இதே நச்சுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. புகையிலைப் புகையிலும் இது வருகிறது.

நமுத்த பீடி அணைந்து அணைந்து போகும். அதனால் பலமாக, அடிக்கடி இழுப்பீர்கள். கூடவே கார்பன் மோனாக்சைடும் தாரும் கூடுதலாக உள்ளே போகும். நனைந்த கட்டைத் தூக்கிப் போடுங்கள். அதைக் காயவைத்துக் காப்பாற்ற வேண்டாம்.

மழை நாளில் பீடிக் கட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது. இது பூசணமா, கடல்காற்றின் உப்பா, இலையின் இயல்பா? துடைத்து விற்கலாமா? (பெட்டிக்கடைக்காரர், கடலூர் முதுநகர்)

விற்காதீர்கள். ஏஜென்ட்டிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடையாளம் காண ஒரு வழி. செல்போன் டார்ச்சைப் பீடிக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். இலையின் இயல்பான புள்ளியும் நரம்பும் தட்டையாக இருக்கும், தேய்த்தாலும் வராது. பூசணம் பஞ்சுபோல எழும்பி நிற்கும், நிழல் விழும். உப்புப் படிவம் மினுங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. வெள்ளையாகத் தொடங்கிப் பச்சை, சாம்பல் பச்சை, கறுப்பு என்று நிறம் மாறினால் வித்து விட்டாயிற்று என்று அர்த்தம். கட்டின் வெளிப்புறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் இருக்கும் பீடியை உருவி, நூல் கட்டிய இடத்தையும் முனை மடிப்பையும் பாருங்கள். ஈரம் கடைசி வரை தங்குவது அங்கேதான். சிகரெட்டில் தாளின் மேல் பழுப்பு வளையம் விழுந்திருந்தால் அது நனைந்து காய்ந்த சரக்கு. பழைய கோணிச்சாக்கு வாடை வந்தாலும் அப்படியே. வாடை பார்க்கக் கட்டை மூக்கில் வைத்து இழுக்க வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் புகையிலையில் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் கடலோரத்தில் மழை மாதங்களில் அது அநேகமாகத் தினமும் தாண்டும். அதனால் சரக்கைக் குறைவாக எடுங்கள். சுவரை ஒட்டியும் தரையிலும் அடுக்காதீர்கள். ஈரமான கட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு: உள்ளே இருக்கிற ஈரம் வியர்த்து, இரண்டு மூன்று நாளில் பூசணம் பூத்துவிடும்.

பூசணம் பிடித்த அடுக்கைச் சுத்தம் செய்யும்போது விளக்குமாற்றால் தட்டாதீர்கள், வித்து கடை முழுதும் பறக்கும். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, கெட்டுப்போன கட்டுகளை இரண்டு கவருக்குள் போட்டுக் கட்டிவிட்டு, பலகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றாட உலர விடுங்கள். கெட்ட சரக்கைக் கொளுத்த வேண்டாம். ஆடு, மாடு வாய் வைக்கும் குப்பையிலும் கொட்ட வேண்டாம். நிக்கோட்டின் அவற்றுக்கும் நஞ்சு.

எட்டு வருடத்துக்கு முன் டிபி வந்து 6 மாதம் மாத்திரை முடித்தேன். பீடியை விடவில்லை. இப்போது சளியில் ரத்தம் வருகிறது. சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் 'உருண்டை மாதிரி ஏதோ இருக்கிறது' என்கிறார்கள். மறுபடி டிபி மாத்திரை தொடங்கலாமா? (வாசகர், வில்லியனூர்)

தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். டிபி ஆறிய இடத்தில் நுரையீரலில் குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்கு ரத்த ஓட்டம் குறைவு, காற்றோட்டம் உண்டு. மூச்சில் போகும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்து அங்கே உட்கார்ந்து, நூல்நூலாக வளர்ந்து, சளியோடு சேர்ந்து உருண்டையாகிவிடும். இதைப் பூஞ்சைப் பந்து என்கிறோம். படுத்துப் புரண்டால் குழிக்குள் அது இடம் மாறுவதை சி.டி. ஸ்கேனில் பார்க்கலாம். பந்தின் மேல் பிறைபோல ஒரு காற்று இடைவெளியும் தெரியும். குழியின் சுவரில் புடைத்த ரத்தக்குழாய்கள் உரசிக் கிழியும்போதுதான் சளியில் ரத்தம் வருகிறது.

இருமல், எடைக்குறைவு, ரத்தம் என்று டிபியின் அறிகுறிகளே இதிலும் இருப்பதால், சளியில் கிருமி தெரியாத டிபி என்று எண்ணி மறுபடி டிபி மருந்து கொடுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. அந்த மருந்து பூஞ்சைக்கு வேலை செய்யாது. சிபிநாட் அல்லது ட்ரூநாட் முறையில் சளியைப் பார்த்து டிபி திரும்பவில்லை என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். நெஞ்சு சி.டி.யும், ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் நுரையீரல் பிரிவுக்குப் போகும்போது எட்டு வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள். பழைய குழி எது, புதிதாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்க அதைவிட உதவும் தாள் வேறில்லை.

சுற்றிலும் பூஞ்சை பரவியிருந்தால் இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மருந்து மாத்திரையை வழக்கமாகக் குறைந்தது 6 மாதம் தருவார்கள். காப்ஸ்யூலாக இருந்தால் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். 'கேஸ்' மாத்திரை என்று போடும் ஒமிப்ரசோல் வகை அதை உடலில் சேரவிடாது. டிபி மருந்தான ரிஃபாம்பிசினும் அதன் அளவை அடியோடு குறைத்துவிடும். ஒரே குழியில் ஒரே பந்து, மற்ற நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றால் அறுவை சிகிச்சை பலன் தரும். ரத்தம் கொட்டினால், கசியும் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை உண்டு.

ஒரு டம்ளர் அளவுக்கு ரத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் பக்கம் எது என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமல் அது காக்கும்.

பீடியில் இருந்த வித்துதான் இந்தப் பந்தை உண்டாக்கியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வித்து எந்தக் காற்றிலும் உண்டு. ஆனால் குழி விழுந்த நுரையீரலுக்குள் தினம் இருபது தடவை வித்தும் புகையும் அனுப்புவது, ஆறாத புண்ணில் மண்ணைத் தூவுவது போலத்தான்.

எனக்கு ஆஸ்துமா. ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து சுவரில் பூசணம். மாமனார் அதே அலமாரியில் வைத்த சுருட்டை வீட்டுக்குள் பிடிக்கிறார். இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு அடங்கவில்லை. (வாசகி, ரெயின்போ நகர், புதுச்சேரி)

புகை ஒன்றே உங்கள் இளைப்புக்குப் போதுமான காரணம். மாமனாரிடம் உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும்: வாசலுக்கு வெளியே என்பது குறைந்தபட்சம். ஜன்னலோரம் நின்று பிடித்தால் சரியாகிவிடாது.

ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடியேறும். உடம்பு அதற்கு ஒவ்வாமையாக மூர்க்கமாக எதிர்வினை செய்யும். ஏபிபிஏ என்று இதைச் சொல்வோம். இருமும்போது பழுப்பு நிறத்தில், ரப்பர்போல இழுபடும் கெட்டிச் சளித்துண்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை ஒரு சுத்தமான டப்பாவில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்தத்தில் மொத்த ஐஜிஈ, ஆஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐஜிஈ இரண்டும் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கும் பைகளாகிவிடும்.

சுவரை நீங்கள் சுரண்டாதீர்கள். ஆஸ்துமா இல்லாத ஒருவர் முகக்கவசத்தோடு சோப்புத் தண்ணீரால் துடைக்கட்டும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அதை அடைக்காமல் பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் திரும்ப வரும். அந்த அலமாரியில் இருந்த சுருட்டுகளை எறிந்துவிடுங்கள்.

கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து ஏழு மாதம். 'புதுப் பாக்கெட், ஒரே ஒரு சிகரெட்' என்கிறார். (வாசகி, உருளையன்பேட்டை)

அந்த ஒன்றும் வேண்டாம். பார்வைக்குச் சுத்தமாக, சீல் பிரிக்காமல் இருக்கும் சிகரெட்டின் புகையிலையிலும் பூஞ்சை வித்து இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. புகையிலை வயலில் விளைந்து, உலர்த்தி, புளிக்கவைத்து வரும் இலை. கிருமி நீக்கிய பொருள் அல்ல. மற்றவர் உடம்பு சமாளிக்கும் அளவை, எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உங்கள் கணவர் உடம்பு சமாளிக்காது. தினம் 20 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 3 வாரத்துக்கு மேல் எடுப்பவர்கள், கீமோதெரபியில் நியூட்ரோஃபில் என்ற ரத்த வெள்ளணு 500-க்குக் கீழே போனவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை. இவர்களுக்குப் பூஞ்சை நுரையீரலைத் துளைத்து ரத்தத்திலும் மூளைக்கும் போகலாம்.

காய்ச்சல், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல், சளியில் ரத்தம், முகத்தில் ஒரு பக்க வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். பூஞ்சை மருந்துகள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். எனவே வேறு மருத்துவமனையில் காட்டினாலும் மாற்று அறுவை மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஹூக்காவில் புகை தண்ணீர் வழியாக வருவதால் கிருமியும் நச்சும் வடிகட்டப்படுகிறதா? நண்பர்கள் அறையில் ஒரே குழாயை நான்கு பேர் மாற்றி மாற்றி இழுக்கிறோம். (மாணவர், காலாப்பட்டு)

வடிகட்டப்படவில்லை. புகை தண்ணீருக்குள் குமிழி குமிழியாகப் போகிறது. குமிழியின் நடுவில் இருக்கும் புகை தண்ணீரைத் தொடுவதே இல்லை. தண்ணீர் செய்வது புகையைக் குளிரவைப்பது மட்டும். குளிர்ந்த புகையை நீங்கள் இன்னும் ஆழமாக, இன்னும் அதிகமாக இழுக்கிறீர்கள். ஒரு மணி நேர ஹூக்காவில் உள்ளே போகும் புகையின் அளவு சுமார் 90,000 மில்லிலிட்டர். ஒரு சிகரெட்டில் 500, 600 மில்லிலிட்டர்தான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தனி. அது தலைசுற்றி மயங்கி விழவைக்கும்.

அந்தக் குழாயின் உட்புறத்தை ஒருநாள் வெட்டிப் பாருங்கள். கிளிசரின், வெல்லப்பாகு, எச்சில், ஈரம் எல்லாம் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது. துணி, தோல் சுற்றிய குழாயைக் கழுவி உலர்த்தவே முடியாது. வாய்முனையை மட்டும் மாற்றுவதால் பின்னாலிருக்கும் குழாய் சுத்தமாகாது. நான்கு பேரில் ஒருவருக்கு டிபி இருந்தால், மூடிய அறையில் இருமலும் சேர்ந்து மற்றவர்களுக்குப் பரவ வழியாகும். புகைக்குழாயைப் பகிர்ந்துகொண்ட இளைஞர்களிடையே டிபி பரவியது ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கிறது. நான்கு பேரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நால்வரும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மகன் சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. ஈரமாக, வெள்ளை நூல் படர்ந்து நாற்றமடித்தது. அவனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சலும் இருமலும். டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், லாஸ்பேட்டை)

சொல்லுங்கள் அம்மா. அதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் சாதாரண நிமோனியா மருந்து கொடுத்து நாள் கடத்த நேரும். அழுத்திக் கட்டிய ஈரக் கஞ்சாவில் பூஞ்சை வெகு சுலபமாக வளரும். கலிஃபோர்னியாவில் சட்டப்படி விற்கும் கடைகளிலிருந்து எடுத்த 20 மாதிரிகளை 2017-இல் ஆராய்ந்தபோது ஆஸ்பர்ஜில்லஸ், மியூக்கர் பூஞ்சைகளும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவும் இருந்தன. 1981-இல் அமெரிக்காவின் ஒஹாயோ, மிச்சிகன் மாநிலங்களில் கஞ்சா வழியாகச் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி வயிற்றுப்போக்கு வந்தது. கையில் ஒட்டிய கிருமி வாய்க்குப் போனது. பொட்டலத்தைத் தொட்டிருந்தால் நீங்களும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேரும் அடிமைப்பட்டவருக்கு, சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றத்தில் வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் முதல் வேலை, இன்றைக்கே நெஞ்சு எக்ஸ்ரே.

அம்மாவுக்கு 70 வயது. வெற்றிலை, பாக்கு, போயிலை போடுவார். போயிலையை ஈரத்துணியில் சுற்றி மண்சட்டியில் வைத்தால்தான் பதமாக இருக்கும் என்கிறார். பாக்கில் சில நேரம் உள்ளே கறுத்திருக்கிறது. (வாசகர், பண்ருட்டி)

பதமாக இருப்பது போயிலை மட்டுமல்ல, அதிலுள்ள பாக்டீரியாவும்தான். ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் அவை இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அது நிக்கோட்டின் வகைச் சேர்மங்களோடு சேர்ந்து நைட்ரோசமின்களாகிறது. வாய்ப்புற்றை உண்டாக்கும் முக்கியப் பொருள்கள் இவை. மண்சட்டியில் நாள் செல்லச் செல்ல அளவு கூடும்.

பாக்கை வெட்டினால் உள்ளே பழுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தூளாக உதிர்ந்தால் பூஞ்சை. அதில் அஃப்லடாக்சின் இருக்கலாம். கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது, எச்சிலில் கரைந்து நேராக ஈரலுக்குப் போகும். மஞ்சள்காமாலை பி கிருமி உள்ளவருக்கு இதனால் ஈரல் புற்று அபாயம் பன்மடங்கு. பூஞ்சை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும் பொருள்தான் என்பதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அவர் வாயை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், மூன்று விரல் நுழைய முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைதல் இருந்தால் பல் மருத்துவரிடம் உடனே போங்கள்.

பீடியை விட முடியவில்லை. இறுக்கமான டப்பாவில் உலர்வாக வைத்துப் பிடித்தால் போதாதா? (வாசகர், சிதம்பரம்)

பூசணம் குறையும். நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு குறையாது. பீடியில் அவை சிகரெட்டைவிடக் கூடுதல். டப்பாவுக்குப் பதில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி வேண்டும் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் அதைச் சாதாரண சூயிங்கம்போல் மென்று தள்ளுவதுதான். பத்துப் பதினைந்து முறை மெதுவாக மென்றதும் நாக்கில் காரம் ஏறும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். எச்சிலை அடிக்கடி விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். டீ, காபி, ஜூஸ் குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் மருந்து ஏறாது.

முதல் 6 வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 எண்ணுக்குப் பேசினால் எந்த நாளில் நிறுத்துவது, முதல் வாரத்தை எப்படிக் கடப்பது என்று கூடவே இருந்து வழி சொல்வார்கள், அழைப்புக்குக் காசில்லை.